ஆர்கன் டெமோ காணவில்லை

அத்தியாயம் 4

கொலை என்றால் பிணம் கிடக்கும். கொள்ளை என்றால் பூட்டு உடைந்திருக்கும். கிதியோன் அங்கிளின் கேஸில் பிணமும் இல்லை, உடைந்த பூட்டும் இல்லை. ஹைதராபாத் சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர், ஒரு பழைய ஆடியோ கேசட்டைக் காணோம் என்று துப்பறியும் ஏஜென்சிக்கு வந்து கண் கலங்கினார். எங்களுக்கும் வேறு வேலை இல்லாததால் கேஸை எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் என்றால் பகவதியக்காவும் நானும். அக்கா நாகர்கோவில்காரர். ஒரு மத்திய அரசு நிறுவனத்தின் விஜிலன்ஸ் பிரிவில் இருந்துகொண்டு, போகாத ஊருக்குப் பயணப்படி கேட்டவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப் போய், விருப்ப ஓய்வு வாங்கி, மாரேட்பள்ளியில் ஒரு டிபன் சென்டரின் மாடியில் ஏஜென்சி திறந்தவர். நான் கலேப், அவருடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, கீழே போய் பெசரட்டு வாங்கி வருவது, அக்கா யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது ஆகியவை என் பொறுப்பு. கடைசி வேலைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

காணாமல் போன கேசட் சாதாரணப்பட்டதல்ல என்று கிதியோன் அங்கிள் எங்களுக்கு ஒரு முழு மதியம் பாடம் எடுத்திருந்தார். ஐயன் ஸ்பாரோஸ் என்று இங்கிலாந்தில் ஒரு ராக் இசைக்குழு. அங்கிள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அது கலைந்துவிட்டது. அவர்கள் முறையாக வெளியிட்ட பாட்டுகளை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துக் கேட்கலாம். அதனாலேயே அங்கிளுக்கும் அவர் சிநேகிதர்களுக்கும் அவை ஆகாது. அவர்களுக்கு வேண்டியது டெமோ. அதாவது பாட்டு உருப்படுவதற்கு முன்னால், இருமலும் தப்பும் தவறுமாக ஒத்திகை பார்த்து ஒலிப்பதிவு செய்து, வேண்டாம் என்று ஒதுக்கிய சரக்கு. அதை ஸ்டூடியோவிலிருந்து யாரோ நழுவவிட, யாரோ காப்பி எடுக்க, தபாலில் கண்டம் விட்டுக் கண்டம் வந்து சேரும். சாம்பார் தயாராக இருக்கும்போது பருப்பு வெந்த தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் கூட்டம் என்று நான் சொன்னேன். அங்கிள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு முன் அங்கிள் தன் பீரோவைத் துடைத்தபோது, பின் வரிசையில் ஒரு கேசட் அகப்பட்டிருக்கிறது. 'ஆர்கன் டெமோ, இரண்டாவது டேக்' என்று ஆங்கிலத்தில் யாரோ வெள்ளைக்காரர் கையெழுத்து. எப்போதோ லண்டனிலிருந்து பண்டமாற்றில் வந்த பார்சலில் இருந்தது. கேட்டால் ஆர்கன் வாத்தியம் மட்டும் தனியாக ஒலிக்கிறது. ஐயன் ஸ்பாரோஸின் எந்தப் பாட்டிலும் வராத மெட்டு. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. அங்கிள் அழுதாராம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹைதராபாத் ரசிகர் வட்டத்தில் அறிவித்துவிட்டார்.

சனிக்கிழமை சாயந்திரம், வட்டத்தின் செயலாளர் ராஜாராமன் வீட்டில் எல்லோரும் கூடிக் கேட்பதாக ஏற்பாடு. பெங்களூரிலிருந்து நந்தகுமார் வருகிறார். ஒரு டெமோ அசலா போலியா என்பதில் அவர் காதுதான் இந்தக் கூட்டத்துக்கு சுப்ரீம் கோர்ட். புதன்கிழமை பார்த்தால் கேசட் இல்லை. கேசட் இல்லாமல் போய் நின்றால் அங்கிள் புளுகர். போன வருஷம் இதே மாதிரி ஒன்று இருப்பதாகச் சொல்லிக் காட்ட முடியாமல் போன ஒருவரை வட்டத்திலிருந்து தள்ளி வைத்தார்கள். அவர் போடும் கிறிஸ்மஸ் வாழ்த்துக்குக்கூட இப்போது யாரும் பதில் போடுவதில்லையாம். ஓய்வுக்குப் பிறகு அங்கிளுக்கு இருப்பது அந்த வட்டம் ஒன்றுதான். "அது போச்சுன்னா நான் யார்கிட்ட பேசுவேன்?" என்று கேட்டார். வீட்டில் மனைவி ஐவி ஆன்ட்டி இருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. அப்போது மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வரை எங்களிடம் இருந்த ஒரே துப்பு ராஜாராமன். செவ்வாய்க்கிழமை அங்கிள் வீட்டுக்குப் போய், ஒரே ஒரு முறை அந்தக் கேசட்டைக் கேட்டிருக்கிறார். தொடக்கூட விடவில்லையாம். மறுநாள் கேசட் மாயம். எனவே சைனிக்புரிக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

ராஜாராமன் பாலாநகரில் விமான எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் வேலை பார்த்தவர். வீட்டில் ஏ.சி. போட்ட அறை ஒன்றே ஒன்று. அதில் கேசட்டுகள் வசிக்கின்றன. அவர் ஹாலில் ஃபேனுக்கு அடியில் வசிக்கிறார். எங்களைப் பார்த்ததும், தான் திருடவில்லை என்று கேட்கும் முன்பே சொன்னார். அக்கா அதைக் காதில் வாங்காத மாதிரி, தனக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் தெரியாது, அந்த மெட்டு எப்படிப் போகும் என்று கொஞ்சம் முனகிக் காட்டினால் அடையாளம் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் என்று பணிவாகக் கேட்டார்.

ரசிகனிடம் பாடச் சொன்னால் போதும். ராஜாராமன் கண்ணை மூடிக்கொண்டு தொடக்கத்திலிருந்து முனகினார். இங்கே ஒரு தடுமாற்றம், இங்கே ஒரு நாற்காலி நகரும் சத்தம் என்று குறிப்பு வேறு. முடிந்ததும் அக்கா கை தட்டினார்.

"ஒரே ஒரு தடவ கேட்டதுக்கு நாற்காலி நகர்ற இடம் மொதக்கொண்டு மனப்பாடமா வச்சிருக்கீங்களே."

ராஜாராமனுக்கு வியர்த்தது. ஏ.சி. பக்கத்து அறையில் அல்லவா இருக்கிறது. ஃபேனை இன்னும் வேகமாக வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை அவருடைய சட்டைப் பையில் போன் இருந்தது. போனில் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. கள்ளத்தனமாக வந்த கேசட்டிலிருந்து கள்ளத்தனமாக எடுத்த காப்பி. இதை மட்டும் கிதியோனிடம் சொல்லிவிட வேண்டாம், வட்டத்திலிருந்து தன்னைத் தூக்கிவிடுவார்கள் என்று கெஞ்சினார். பத்து இருபது வருஷமாக ஊரான் டேப்பைக் காப்பி அடிப்பவர்களுக்குள் இத்தனை ஒழுக்கமா என்று நான் கேட்க, அக்கா என் காலை மிதித்தார்.

கேசட்டை இவர் எடுக்கவில்லை என்பது அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அசல் இருந்தால்தான் காப்பிக்கு மதிப்பு, அசலைத் தொலைத்துவிட்டு வெறும் காப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று என்னிடம் பிறகு விளக்கினார். ஆனாலும் அதைப் போடச் சொன்னார்.

முதலில் சட்டைத் துணி உரசும் சத்தம். பின்னால் ஆர்கன். பெரிய கூடத்தில் வாசிப்பது போல எதிரொலித்தது. இங்கிலாந்தில் ஏதோ கிராமத்துக் கல் சர்ச்சில் பனிக்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள், அந்தக் குளிரே கேட்கிறது பாருங்கள் என்றார் ராஜாராமன். எனக்குக் குளிரவில்லை. மெட்டு நன்றாக இருந்தது. அவசரம் இல்லாமல் ஏறி, ஒரு இடத்தில் தயங்கி நின்று, பிறகு தயக்கத்தை விட்டுவிட்டு இறங்கியது. கடைசியில், பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தி வரும் இரண்டு நீண்ட கார்டுகள் வந்தன.

"ஆமென்" என்றேன்.

யாரும் சொல்லச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ராஜாராமன் முறைத்தார். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பேண்ட் பாக்கெட்டுக்குள் போய் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

"பாட்டு ஆரம்பிச்ச ஒடனே ஒன் கை பாக்கெட்டுக்குள்ள போச்சு. முடிஞ்ச ஒடனே வாய் ஆமென் சொல்லிச்சு. உங்க கோயில்ல எப்பம்டே இது ரெண்டும் சேர்ந்து நடக்கும்?"

காணிக்கை எடுக்கும்போது. வேறு எப்போது? பாட்டு, பிரசங்கம் எல்லாம் முடிந்து, நீளமான குச்சியில் கட்டிய பை வரிசை வரிசையாக வரும். ஆர்கனில் ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கும். சபை முழுக்கச் சில்லறை தேடிக்கொண்டிருக்கும். அந்த ஏதோ ஒன்றை யாரும் கேட்டதில்லை. ஜெபம் முடிந்து இரண்டு கார்டு விழுந்தால் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிடுவோம். சின்ன வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா என்னை இழுத்துப் போய் உட்கார வைத்ததில், மெட்டு என் காதில் தங்கவில்லை, கையில் தங்கிவிட்டது.

ஐயன் ஸ்பாரோஸில் ஆர்கன் வாசித்தவரும் சர்ச்சில் வளர்ந்தவர்தான், அங்கேயும் ஆமென் உண்டு என்று ராஜாராமன் வாதாடினார்.

"இருக்கலாம். அவரு செகந்திராபாத்ல வந்து கலேப்கிட்ட காணிக்கை எடுத்தாரா?" என்று அக்கா கேட்டார்.

பிறகு கிதியோன் அங்கிள் கொடுத்திருந்த கேசட்டின் புகைப்படத்தை நீட்டினார். மேல் விளிம்பில், ஒரு மூலையில், சின்னதாக ஒரு செல்லோடேப் துண்டு. விரிசலை ஒட்ட லண்டன் சவுண்ட் இன்ஜினியர் தன் கையாலேயே ஒட்டியது என்று சொல்லி அங்கிள் அதை மட்டும் நான்கு கோணத்தில் படம் எடுத்திருந்தார். அதைப் பார்த்ததும் ராஜாராமன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேசட் தெரிந்த தலைமுறை அவர். முக்கியமான பதிவு என்றால் அந்த மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவார்கள். அப்புறம் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டினால் முடியும். சினிமாப் பாட்டு கேசட்டில் மாமா கல்யாணத்தைப் பதிவு செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த வித்தை.

"அப்ப லேபிள் அசல்" என்றார் ராஜாராமன் ஈனக்குரலில். "உள்ள இருந்ததும் அசல். யாரோ அது மேலயே..."

அவர் வாழ்க்கையில் கேள்விப்பட்ட மிகப் பெரிய கொலை அதுதான்.

எங்கள் கோயிலில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆர்கன் வாசிப்பது ஒரே ஒருவர். சனிக்கிழமை காலை அவர் ஒத்திகை பார்க்கும் நேரம். ஸ்கூட்டரை எடுத்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. அக்கா அதை ஆச்சரியமாகப் பார்த்தார்.

கோயில் வளாகத்தில் வேப்பமரத்துக்கு அடியில் கிதியோன் அங்கிளின் கார் நின்றது. உள்ளே அங்கிள், காதில் ஹெட்போன். மனைவியைக் கொண்டுவந்து விடுவார், காரிலேயே உட்கார்ந்து ஐயன் ஸ்பாரோஸ் கேட்பார், முடிந்ததும் கூட்டிப் போவார். ஞாயிறு ஆராதனைக்கும் இதே ஏற்பாடுதான். சபையில் அவரைப் பார்க்கிங் மெம்பர் என்று சொல்வார்கள். எங்களைக் கண்டதும் ஹெட்போனைக் கழற்றாமலே, கிடைத்ததா என்று கையால் கேட்டார். அக்காவும் கையாலேயே பொறுங்கள் என்றார்.

உள்ளே ஐவி ஆன்ட்டி ஆர்கனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. கேசட் எங்கே என்று மட்டும் கேட்டார். ஆன்ட்டி பதறவில்லை. எழுந்து, உட்கார்ந்திருந்த பெஞ்சின் மூடியைத் தூக்கி, பாமாலைப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து அதை எடுத்தார்.

"நான் திருடல. என் கேசட்ட நான் எடுத்தேன்."

கதை சின்னதுதான். ஒரு புனித வெள்ளிக்கு முன்னால், தான் வாசிப்பதைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ள ஆன்ட்டி நினைத்திருக்கிறார். காலி கேசட் கேட்டதற்கு, எல்லாவற்றிலும் முக்கியமானது இருக்கிறது என்று அங்கிள் சொல்லிவிட்டார். பின் வரிசையில், தூசி படிந்த கேசட்டுகள் வந்த நாளிலிருந்து யாராலும் தொடப்படாமல் கிடந்தன. ஒன்றை உருவினார். செல்லோடேப் வித்தையை ஒரு காலத்தில் கற்றுக்கொடுத்ததே அங்கிள்தான். கோயிலுக்கு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து, முன் வரிசை நாற்காலியில் வைத்து, காணிக்கை நேரத்துக்காகத் தானே கட்டிய மெட்டை வாசித்தார். கேட்டார். மறுபடி பின் வரிசையிலேயே வைத்தார். வீட்டில் வாசித்துப் பார்க்க அங்கிள் அவருக்கு ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுத்திருந்தார், ஹெட்போனோடு. தன் ரசனைக்குத் தொந்தரவு வரக் கூடாதே.

"போன மாசம் அவரு என்னைய அந்த ரூமுக்குக் கூப்பிட்டாரு. எப்பவும் கூப்பிட மாட்டாரு. அவரே என் காதுல ஹெட்போன மாட்டி, இத கேளு ஐவி, இத வாசிச்சவன் கை எனக்குக் கெடச்சா கண்ணுல ஒத்திக்குவேன்னாரு" என்று ஆன்ட்டி சொன்னார். "நான் கறிக்கு வெங்காயம் உரிச்சிட்டிருந்த கையோட நிக்கேன்."

ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார்.

"சொன்னா நிறுத்திருவாரு. ஒரு மாசமா தெனமும் கேட்டாரு. அவரு கேக்கறத நான் அடுப்பங்கரைல இருந்து பாத்துட்டே இருந்தேன்."

நந்தகுமார் வருகிறார் என்றதும் பயம் வந்துவிட்டது. அவர் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். கூட்டத்துக்கு நடுவில் தன் புருஷன் கேலிப்பொருளாகி நிற்பதை ஆன்ட்டியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கேசட்டே இல்லாவிட்டால் புளுகர் என்ற பெயரோடு போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்த மெட்டுக்கு இத்தனை வருஷமும் நான் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே காரில் இருப்பவர் தன் கட்சிக்காரர், அவரிடம் உண்மையைச் சொல்லாமல் போக முடியாது என்று மெதுவாகச் சொன்னார். யார் சொல்வது என்பதை மட்டும் ஆன்ட்டி முடிவு செய்யலாம். ஆன்ட்டி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கேசட்டோடு வெளியே நடந்தார்.

கேசட்டைப் பார்த்ததும் அங்கிள் காரை விட்டு இறங்கிவிட்டார். ராஜாராமன்தானே, எனக்கு அப்பவே தெரியும் என்று ஆரம்பித்தார். இது நான் வாசித்தது என்றார் ஆன்ட்டி. அங்கிள் சிரித்தார். அக்கா புகைப்படத்தை எடுத்து, செல்லோடேப் மேல் விரலை வைத்தார். அங்கிள் விரலைப் பார்த்தார், கேசட்டைப் பார்த்தார், கடைசியாக மனைவியைப் பார்த்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் பேசுவதற்கு எத்தனையோ வார்த்தைகள் இருக்கின்றன. அங்கிள் பொறுக்கி எடுத்தது இதைத்தான்.

"அதுக்கு முன்னாடி அதுல என்ன இருந்துச்சு?"

வயதில் மூத்தவர் என்பதால் சும்மா இருந்தேன்.

"எனக்குத் தெரியாது. நான் கேக்கல. நீங்களும் கேக்கல" என்றார் ஆன்ட்டி.

அங்கிள் காரின் மேல் சாய்ந்துகொண்டார். அவருக்குள் கேசட் சேகரிப்பவன் ஒருவனும் புருஷன் ஒருவனும் கட்டிப் புரள்வது முகத்தில் தெரிந்தது. சேகரிப்பவன்தான் மறுபடியும் ஜெயித்தான். வேறு ஏதாவது கேசட்டில் இப்படிச் செய்திருக்கிறாயா என்று பயந்து பயந்து கேட்டார். பின் வரிசையில் நிறைய என்றார் ஆன்ட்டி. எதெது என்று கேட்டார்.

"நீங்க கேக்காம வச்சிருக்கறது எல்லாம் நான்தான்."

அங்கிளின் போன் அடித்தது. ராஜாராமன். நந்தகுமார் வந்து இறங்கிவிட்டார், கேசட் கிடைத்ததா இல்லையா என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. வட்டத்தின் கேலியிலிருந்து தப்பிக்க அங்கிளுக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. கிடைக்கவில்லை, போலீஸில் சொல்லியிருக்கிறேன் என்றால் போதும், அனுதாபத்தோடு கொஞ்ச காலம் ஓட்டலாம். ஆன்ட்டியும் அதைத்தான் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. கேசட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"கெடச்சிருச்சு" என்றார் அங்கிள். "ஆனா ஐயன் ஸ்பாரோஸ் இல்ல. அது எங்க வீட்டு ஐவி வாசிச்சது. ஹவ், ஆமா, ஐவிதான். ஒரு மாசமா எனக்கே தெரியல. நந்தகுமார்கிட்ட அப்படியே சொல்லிரு. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

அந்தப் பக்கம் ராஜாராமன் சிரிக்கவில்லை. காப்பி வேறு யாரிடமும் இல்லையே என்று மட்டும் ஜாக்கிரதையாகக் கேட்டார். இல்லை என்று அங்கிள் பெருமையாகச் சொன்னார். நானும் அக்காவும் வேப்பமரத்தைப் பார்த்தோம்.

போனை வைத்துவிட்டு அங்கிள் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி சீட்டில் போட்டார். நாளைக்கு வாசிக்கப்போவதை ஒத்திகை பார்த்து முடித்தாயிற்றா என்று மனைவியிடம் கேட்டார். இன்னும் இல்லை என்று ஆன்ட்டி சொன்னார். மனிதர் அடுத்த வார்த்தையைத் தேடி, கார் சாவியை உருட்டினார். ஆன்ட்டியும் அவருக்கு உதவி செய்யவில்லை. திரும்பி, உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஆர்கன் தொடங்கியது.

அங்கிள் காரைப் பூட்டினார். மூடியிருந்த பெரிய கதவையும், பக்கத்துச் சின்னக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். கோயிலுக்குள் எந்த வாசல் வழியாகப் போவது என்று என்னிடம் கேட்டார்.